பழைய லொறி சூடேறினால்: ரேடியேட்டரா, ஹெட்டா, எஞ்சினா?

வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, தொடங்கும்போது இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "லொறி சூடேறுது. ஒரு கராஜில ரேடியேட்டரை மாத்தச் சொல்றாங்க. இன்னொரு கராஜில ஹெட்டைக் கழற்றணும் எண்டு சொல்றாங்க. மச்சான் ஒருத்தர் ரீகண்டிஷன் எஞ்சின் ஒண்டைப் போட்டுட்டு நிம்மதியா இரு என்கிறார். நான் என்ன செய்ய?" செங்கலடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இதுதான். ரேடியேட்டர் என்பது எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் பகுதி; ஹெட் என்பது எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பகுதி.

கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வருடம் ஓடிய இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர், டொயோட்டா டைனா வைத்திருப்பவர்கள். நெல் மூடை, மணல், செங்கல், வாழைச்சேனையிலிருந்து மீன் என்று ஹயர் ஓடி அன்றாடம் உழைக்கும் வண்டிகள். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறிக்கும் விலை ஏறிவிட்டது. 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கினாலும் புதிதாக ஒன்று வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இருக்கும் வண்டியைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதற்குப் போடும் காசு சரியான இடத்தில் போக வேண்டும்.

என் நிலைப்பாட்டை முன்னமே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஓடும் பழைய லொறிகளில் ரேடியேட்டரைச் சந்தேகிப்பது பெரும்பாலும் நியாயம்தான். ஹெட்டைத் திறப்பதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனிச் சான்றாவது வேண்டும். எஞ்சின் மாற்றுவது, சூடேறியதற்கான மருந்தே அல்ல. சூடேறி எஞ்சின் கெட்டுப்போன பிறகு செய்கிற வேலை.

இன்னொன்றும் உண்டு. ரேடியேட்டர் வேலை செய்பவர் ரேடியேட்டரைத்தான் முதலில் பார்ப்பார். லேத் வைத்திருப்பவர் ஹெட்டைப் பார்ப்பார். அவர்கள் பொய் சொல்வதில்லை. தங்கள் கையில் அதிகம் வந்துபோன பழுதைச் சொல்கிறார்கள். முடிந்தால் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒருவரிடமும் திருத்தும் வேலையை வேறொருவரிடமும் கொடுங்கள். கண்டுபிடித்தவருக்கு அதற்கென்று கூலி கொடுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்பவர் அந்தக் கூலியைத் திருத்தும் வேலையில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சான்று. இந்தச் சாமான்தான் பழுது என்று கண்ணால் பார்த்தோ, அளந்தோ, சோதித்தோ காட்ட முடிகிறதா? "பழசாப் போச்சு, மாத்துங்க" என்பது சான்றாகாது.

இரண்டாவது, கணிப்புப் பிழைத்தால் என்ன இழப்பு. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை வீணாக மாற்றினால் ஒரு சின்னச் சாமானின் விலை போகும். ஹெட்டை வீணாகத் திறந்தால் காஸ்கெட் (ஹெட்டுக்குக் கீழே இடைவெளியை அடைக்கும் தகடு), லேத் கூலி, நாட்கள் எல்லாம் போகும். அதோடு, முன்பு இல்லாத ஒரு பழுது புதிதாக வரவும் இடமுண்டு.

மூன்றாவது, வண்டி எத்தனை நாள் நிற்கும். பெரும்போக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் ஒரு கிழமை நிற்பதும், மழைக்காலத்தில் ஒரு கிழமை நிற்பதும் ஒன்றல்ல. லொறிக்காரருக்கு இது பல சமயம் சாமான் விலையைவிடப் பெரிய செலவு.

நான்காவது, இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது. அடுத்த போகத்தோடு விற்கிற வண்டிக்கும், மகன் ஓடப்போகிற வண்டிக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

## முதலில், முள் சொல்வது உண்மையா

பழைய வண்டியின் சூட்டு முள்ளை அப்படியே நம்பக் கூடாது. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஏறினால் அது எர்த் வயர்க் கோளாறாக இருக்கலாம். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதுதான் ஆபத்து. தண்ணீர் மட்டம் குறைந்து சென்சர் தண்ணீரில் நனையாமல் ஆவியில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே விழும். உச்சத்திலிருந்து முள் திடீரென்று இறங்கினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

தூரத்திலிருந்து சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி இப்போது பல கராஜ்களில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் பிடித்தால் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை காட்டுவது சாதாரணம். பளபளக்கும் உலோகத்தின் மேல் பிடித்தால் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

## எப்போது சூடேறுகிறது?

கராஜில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பதில் இதுதான். பாதிப் பழுது இதிலேயே பிடிபட்டுவிடும்.

| சூடேறும் சமயம் | முதலில் சந்தேகிக்க வேண்டியது |
|---|---|
| கல்முனை கடைத்தெருவில் ஊரும்போது ஏறி, வெளி வீதியில் ஓடினால் இறங்குகிறது | ஃபேன், ஃபேன் கிளச், பெல்ட், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு |
| வெறும் வண்டியில் சரி, லோட் போட்டு வேகமாக ஓடினால் ஏறுகிறது | ரேடியேட்டர் உள்ளடைப்பு, கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் |
| ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது | மேலே உள்ளவை. அத்துடன் அளவுக்கு மீறிய லோட், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், டீசல் பம்ப் டைமிங் |
| காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ஏறுகிறது | திறக்காத தெர்மோஸ்டாட், தண்ணீர் வழிக்குள் சிக்கிய காற்று, ஹெட் காஸ்கெட் |
| எங்கும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது | ரேடியேட்டர் மூடி, ஹெட் காஸ்கெட், ஹெட் வெடிப்பு |

எங்கள் பகுதியின் நிலம் தட்டையாக இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கரையோர வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாதி அடைபட்ட ரேடியேட்டரோடும் ஒரு லொறி இங்கே மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் மரக்கறி ஏற்றி வர பதுளைக்கு ஒரு ஹயர் கிடைக்கும். பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். "நேற்றுவரை நல்லா இருந்த வண்டி" என்று சாரதி சொல்வார். நேற்றுவரை இருந்தது நல்ல நிலையல்ல. தட்டை நிலம் பழுதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியிலும் இப்படித்தான். வெளிக்காற்றே அனலாக வரும்போது ரேடியேட்டரிடம் மிச்சம் இருந்த கொஞ்சத் திறனும் போதாமல் போய்விடும்.

## வழி 1: சின்னச் சாமான்களிலிருந்து தொடங்குவது

மூடி, தெர்மோஸ்டாட், பெல்ட், ஹோஸ், ஃபேன் கிளச், பம்ப். சான்று தேடுவது எளிது, பிழைத்தாலும் இழப்புச் சிறிது.

ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதன் மேல் 0.5, 0.9 என்று ஓர் எண் இருக்கும்; உள்ளே எவ்வளவு அழுத்தத்தை அது பிடித்து வைக்கும் என்பதே அந்த எண். சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடி சரியாகப் பிடித்தால் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடி இதைக் கெடுத்துவிடும். ஆனால் எண்ணைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 0.5 போட்டிருந்த பழைய ரேடியேட்டருக்கு 0.9 போட்டால் ஈயப் பொருத்து விட்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். தண்ணீர்ச் சட்டியில் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு தெர்மோமீட்டரையும் வைத்துச் சூடாக்குங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். லோட் இல்லாதபோது எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும்; லோட் ஏறும்போது முன்பைவிட விரைவாகச் சூடேறும்.

கீழ் ஹோஸைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எஞ்சின் சூடான பின் ஒருவர் அக்சிலேட்டரை மிதிக்க, மற்றவர் கையையும் உடுப்பையும் ஃபேனுக்கு எட்ட விடாமல் நின்று ஹோஸைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால், பம்ப் இழுக்கும் இழுப்பில் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறும் வண்டியில் இதைப் பார்க்காமல் ரேடியேட்டரைக் கழற்றவே கூடாது.

ஃபேன் கூட்டையும் பாருங்கள். எப்போதோ கழற்றிய கூட்டைத் திரும்பப் போடாமலே ஓடும் லொறிகள் இங்கே அதிகம். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்றைப் பக்கத்திலிருந்து இழுக்கும். எஞ்சினை நிறுத்தியபின் ஃபேனைக் கையால் சுழற்றினால் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தங்கு தடையில்லாமல் சுற்றினால் கிளச் போய்விட்டது.

பம்ப்பின் சொட்டுத் துளையில் ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் சீல் போய்விட்டது. உள்ளே விசிறி அரித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் மறைசெலவு பொறுமையின்மைதான். எதையும் சோதிக்காமல் ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிக்கொண்டே போனால், முடிவில் ரேடியேட்டர் வேலைக்கு ஆகும் காசு இதிலேயே போய்விடும். போதாததற்கு, நடுவில் நாலைந்து தடவை வண்டி கொதித்து, இல்லாத ஹெட் பழுதும் வந்து சேரும்.

## வழி 2: ரேடியேட்டர்

எங்கள் பக்கத்தில் ரேடியேட்டர் அடைபடுவதற்கு உள்ளேயும் வெளியேயும் காரணம் இருக்கிறது.

வெளியே, வெட்டுக் காலத்துத் தூசி. வைக்கோல் துகளும் சப்பியும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் போய் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஒரு டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்தால் வெளிச்சம் வராத இடம் தெரியும். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். பிரஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் தகடு மடங்கிவிடும். இதற்குக் கூலி என்று ஒன்றுமில்லை. வயலுக்குள் போய் வரும் வண்டிக்கு வெட்டு முடியும்வரை இதைக் கிழமைக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

உள்ளே, தண்ணீர். கரையோரக் கிணற்றில் உப்பு, உள்ளூர்க் கிணற்றில் சுண்ணாம்பு, வயலோரத்தில் நின்றால் வாய்க்கால் தண்ணீர். எது கிடைக்கிறதோ அதைத்தான் ஊற்றுகிறோம். உப்புத்தண்ணீர் உலோகத்தை அரிக்கும். சுண்ணாம்பு குழாய்களின் உட்சுவரில் படியும். பனி இல்லாத ஊரில், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். சூட்டைத் தாங்கிச் செல்வதில் வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடச் சிறந்தது, அது உண்மை. ஆனால் துருப்பிடிக்காமல் காப்பது கூலன்ட்டில் இருக்கும் மருந்துதான். பம்ப்பின் சீலும் அதில்தான் நீண்ட நாள் நிற்கும். அரைக்கு அரை கலந்து ஊற்றுங்கள். கலக்கும் தண்ணீர் பட்டரித் தண்ணீராகவோ சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும்.

சான்று எடுப்பது இப்படி: எஞ்சின் நன்றாகச் சூடாகி தெர்மோஸ்டாட் திறந்த பின் நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் துப்பாக்கியை ரேடியேட்டரின் முகம் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. துப்பாக்கி இல்லையென்றால், கொஞ்சம் ஆறியபின் கையால் தடவினாலும் தெரியும். வேறு விதமாகவும் பார்க்கலாம். கழற்றிய ரேடியேட்டரின் கீழ் வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி, சட்டென்று திறந்துவிடுங்கள். வாய் நிறையப் பாய வேண்டும். நூல் போல வந்தால் உள்ளே அடைப்பு.

சான்று கிடைத்ததும் இதற்குள்ளேயே தெரிவு செய்ய வேண்டியிருக்கும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைக் கழற்றி ரொட் போட்டு (குழாய்களுக்குள் கம்பி விட்டு)ச் சுத்தப்படுத்தி ஈயம் வைத்து மூடலாம். ஒரு நாள் வேலை. குழாய் மெலிந்து போகாமல் இருந்தால் இதுவே போதும். ரொட் போடும்போது குழாய் பொத்தால் அதை மூடி ஈயம் வைத்துவிடுவார்கள். இப்படி மூடிய ஒவ்வொரு குழாயும் குளிர்விக்கும் திறனில் ஒரு பங்கு இழப்பு. எத்தனை குழாய் மூடப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் மூடியிருந்தால் நான் கோர் மாற்றத்தான் சொல்வேன்.

கோர் மாற்றுவது என்றால் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடுவது. மலைப்பக்கம் ஓடும் வண்டிக்கு இதுதான் சரி. புதுக் கோரில் எத்தனை வரிசைக் குழாய் என்று பார்க்க வேண்டும். மூன்று வரிசை இருந்த இடத்தில் இரண்டு வரிசை வந்தால் விலை குறையும், சூடு குறையாது.

பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் விலையில் கவர்ச்சியாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் ஒழுகினால் ஈயம் வைக்க முடியாது. கோஸ்டிக் சோடா போட்டுக் கழுவினால் அலுமினியம் கரையும். அளவு சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய ஃபேன் கூடு உட்காராது. வயல் பாதையில் குலுங்கும் லொறிக்கு நான் இதைத் தெரிவு செய்ய மாட்டேன். தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை.

நடு வழியில் ஒழுக்கு வந்தால் மஞ்சள் தூள் போடுவது பலருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஊர் வந்து சேர அது உதவும். வந்த பிறகும் அதோடேயே ஓடினால், ஒழுக்கை மூடிய தூள் நல்ல குழாய்களையும் மூடும்.

## வழி 3: ஹெட்டைத் திறப்பது

இதில்தான் அதிகக் காசு வீணாகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹெட் காஸ்கெட் போனால் சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு தண்ணீர் வழிக்குள் புகும். அந்த வாயுவைத்தான் தேட வேண்டும். காலையில், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் குளிராக இருக்கும்போதே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது பலமான சான்று. குளிர்ந்த தண்ணீருக்குத் தானாக அப்படி அழுத்தம் வராது. இரவு முழுக்க நின்ற வண்டியின் மூடியைக் காலையில் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வந்தாலும் அதே சந்தேகம்.

அடுத்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் குமிழிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் உள்ளே நின்ற காற்று. நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால், அக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினால், வாயு புகுகிறது. தண்ணீரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் திரவச் சோதனைக் கருவியும் உண்டு. இருக்கும் கராஜில் கேட்டுச் செய்யுங்கள். எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறமாகி இருந்தால், வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், காலையில் ஸ்டார்ட்டர் இடித்து நின்றால் அவையும் சான்றுதான்.

ஆனால் ஹெட்டுக்கு வீண்பழி வரும் இடங்கள் உண்டு. எயார் பிரேக் உள்ள பெரிய லொறிகளில் எயார் கொம்ப்ரசரையும் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. கொம்ப்ரசரின் சிறிய காஸ்கெட் போனாலும் ரேடியேட்டரில் குமிழி வரும். கொம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர்க் குழாய் இரண்டையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாய்களை ஒரு ஹோஸால் இணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி நின்றால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. தண்ணீரில் ஒயில் மிதந்தால் ஒயில் கூலர் பொத்திருக்கலாம். சில எஞ்சின்களில் இன்ஜெக்டரைச் சுற்றியிருக்கும் செம்புக் குழல் கசிந்தாலும் வாயு தண்ணீருக்குள் போகும். இவை எல்லாம் ஹெட் வேலையைவிடக் குறைந்த செலவில் முடியும்.

உண்மையிலேயே திறக்க வேண்டி வந்தால், காஸ்கெட் மட்டும் மாற்றி மூடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். காஸ்கெட் தானாகப் போவது குறைவு; ஹெட் சூட்டில் வளைந்ததால் போயிருக்கும். நேர்க்கோலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். லேத்தில் முகம் தட்டும் (அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்தும்) முன் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். வால்வு இருக்கைகளுக்கு நடுவில் மயிர் வெடிப்பு இருந்தால் அந்த ஹெட்டுக்குச் செய்யும் லேத் வேலை முழுக்க வீண். டீசல் ஹெட்டை விருப்பத்துக்குத் தட்டவும் முடியாது. முகம் குறையக் குறைய வால்வு பிஸ்டனுக்குக் கிட்ட வரும். பல எஞ்சின்களுக்குக் காஸ்கெட் வெவ்வேறு தடிப்பில் வருகிறது; பிஸ்டன் எவ்வளவு மேலே எழுந்து நிற்கிறது என்று அளந்துதான் தெரிவு செய்ய வேண்டும். "கடையில இதுதான் இருந்தது" என்று போட்டால் சில மாதத்தில் திரும்பவும் திறக்க வேண்டும். ஹெட் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் கைப் பழக்கத்தில் இறுக்கும் இடத்துக்கு இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

நாள் கணக்கில், லேத்துக்குக் கொண்டுபோய் வருவது, சாமான் தேடுவது எல்லாம் சேர்த்து ஒரு கிழமைக்குத் தயாராக இருங்கள். அந்த நாட்களில் ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தப்படுத்திவிட வேண்டும். ஹெட்டை வளைத்த சூடு எங்கிருந்து வந்ததோ அதைத் திருத்தாமல் ஹெட்டை மட்டும் திருத்தினால், அதே சூடு புது காஸ்கெட்டையும் எரிக்கும்.

## வழி 4: எஞ்சின் மாற்றுவது

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய வண்டியிலிருந்து கழற்றி இறக்கிய எஞ்சின். உள்ளே யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். நல்லதாகவும் அமையலாம், அமையாமலும் போகலாம். ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வழிக்குள் துரு எப்படி இருக்கிறது என்று விரல் விட்டுப் பாருங்கள்.

மறைசெலவு இங்கேதான் அதிகம். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தையும் கையில் வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். மவுண்டிங், கிளச், வயரிங், எக்ஸோஸ்ட் குழாய் என்று பொருத்தும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும். பெரிய எஞ்சின் போட்டால் பழைய ரேடியேட்டர் அதற்குப் போதாது. அதே அடைபட்ட ரேடியேட்டரில் புது எஞ்சினைப் பூட்டினால் முந்தியது செத்த வழியிலேயே இதுவும் சாகும்.

இதற்கு மாற்றாக, இருக்கும் எஞ்சினையே லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றிக் கட்டலாம். பதிவுப் பிரச்சினை இல்லை, உள்ளே என்ன போட்டது என்பதும் தெரியும். கூடுதல் நாள் எடுக்கும். நம்பகமான கை இருந்தால் நான் இதையே விரும்புவேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சின்னச் சாமான் | ரேடியேட்டர் | ஹெட் | எஞ்சின் |
|---|---|---|---|---|
| செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| வண்டி நிற்கும் காலம் | சில மணித்தியாலம் | ஒன்று முதல் மூன்று நாள் | ஒரு கிழமை அளவில் | ஒரு கிழமைக்கு மேல் |
| சான்று எடுப்பது | எளிது | எளிது | கவனம் வேண்டும் | திறந்து அளந்த பிறகுதான் |
| கணிப்புப் பிழைத்தால் | சிறு இழப்பு | சுத்தமான ரேடியேட்டராவது மிஞ்சும் | பெரிய இழப்பு | மீட்க முடியாத இழப்பு |

வெட்டுக் காலத்தின் நடுவில் நிற்கிறீர்கள், காலைச் சோதனையில் ஹோஸ் இறுகவில்லை, குமிழி இல்லை என்றால் முதல் வழியையும் வெளிக் கழுவலையும் செய்து, லோடைக் குறைத்துப் போகத்தை ஓடி முடியுங்கள். ரேடியேட்டரை அதன் பிறகு இறக்கலாம். பதுளை, மொனராகலைப் பக்கம் தவறாமல் ஏறும் வண்டியென்றால் தள்ளிப்போடாமல் கோர் மாற்றுங்கள். வாயு புகுவதற்கு இரண்டு சான்று இருந்தால் அறுவடையாக இருந்தாலும் நிறுத்துங்கள். ஒரு கிழமை ஹயரைக் காப்பாற்றப் போய் ஹெட் வெடித்தால் போகமே போய்விடும். ஹெட்டும் வெடித்து, ஒயிலும் அடித்து, கம்ப்ரெஷனும் குறைந்த வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் நான்காவது வழியைப் பற்றிப் பேசலாம். விற்கப்போகும் வண்டிக்கு அது வேண்டாம். போட்ட காசு விலையில் திரும்பி வராது.

வழியில் கொதித்தால் லோடோடு இழுக்காதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். மூடியைத் திறக்க எப்படியும் அரை மணித்தியாலத்துக்கு மேல் பொறுங்கள். மேல் ஹோஸை அமர்த்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதன் பிறகு ஈரச் சாக்கைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கிளீனர் பையன்களை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். அழுத்தத்தோடு வெளிவரும் ஆவி முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். வெந்து கிடக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றவும் கூடாது. நல்ல ஹெட்டும் அதில் வெடிக்கும்.

எந்த வழியில் திருத்தினாலும் தண்ணீர் நிரப்பும்போது காற்றை வெளியேற்றுங்கள். மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தி, மூடியைத் திறந்தபடி தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, இறங்க இறங்க நிரப்ப வேண்டும். பிறகு சோதனை ஓட்டத்தைக் கல்லடிப் பாலத்தில் ஒருமுறை போய் வருவதோடு முடித்துவிடாதீர்கள். அரை லோட் போட்டு, செங்கலடியிலிருந்து மகா ஓயா தாண்டி பிபிலை வரை போய், அதற்கு மேல் கொஞ்ச தூரம் ஏறிப் பாருங்கள். அம்பாறைக் கரையில் இருப்பவர்கள் சியம்பலாண்டுவை வழியாக மொனராகலை வரை போய் வரலாம். மறுநாள் காலையில், குளிர்ந்த எஞ்சினில், தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று போத்தலால் அளந்து ஊற்றி எழுதி வையுங்கள். ஒரு கிழமை அப்படி எழுதியதில் தண்ணீர் குறையவில்லையென்றால் கராஜ் மிச்சக் கூலியைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.